முத்திரையில் ஊர், மூட்டையுடன் மக்கள்

தமிழ்நாட்டரசின் தாள் எதுவாயினும் அதன் தலையில் ஒரு கோபுரம் நிற்கின்றது. பிறப்புச் சான்றாயினும், நிலவுரிமைத் தாளாயினும், வேலையமர்த்தும் ஆணையாயினும், வேலை நீக்கும் ஆணையாயினும் அக் கோபுரத்தின் கீழேதான் தமிழன் தன் பெயரைப் படிக்கின்றான். அது திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் என்பது நாடறிந்த கருத்து. மதுரைக் கோபுரமே என்று வழக்கிடுவாரும் உளர். அவ் வழக்கை ஈண்டுத் தீர்க்க வேண்டுவதின்று. எவ்வாறாயினும் அது சென்னைக் கோபுரம் அன்று. தலைநகர் தன் முத்திரையில் பொறித்துக்கொள்ளத் தென்பாண்டி நாட்டுக் கோபுரம் ஒன்று வேண்டியிருந்தது; தென்பாண்டி நாட்டுப் பிள்ளைக்கோ, பிழைப்பதற்குத் தலைநகர் வேண்டியிருக்கின்றது.

நாள்தோறும் மாலையில் செங்கோட்டையினின்று புறப்படும் பொதிகை விரைவு வண்டி, இருள் சூழ்கின்ற வேளையில் இராசபாளையத்திலும், அதனை அடுத்துப் பன்னிரண்டு கி.மீ. அளவில் உள்ள திருவில்லிபுத்தூரிலும் நின்று ஆளேற்றிக்கொண்டு, விடியலில் சென்னை எழும்பூரில் இறக்கிவிடுகின்றது. படித்து முடித்த இளைஞர், வேலைத் தேர்வெழுதும் பெண்டிர், மகன் வீட்டுக்குப் பால்கோவாப் பெட்டியுடன் போகும் முதியோர் எனப் பெட்டிகள் நிறைகின்றன. (கோவா என்பது வடபுலச் சொல்; பண்டம் மட்டும் இவ்வூர்ப் பாலில் விளைந்தது; 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது.) பொங்கலுக்கு முன்னிரவு அதே கூட்டம் திசை மாறி நெரிகின்றது. நான்கு நாள் கழித்து மீண்டும் மூட்டை கட்டுகின்றது.

அவ்வாறு பத்தாண்டுக்கும் இருபதாண்டுக்கும் முன் வண்டியேறியவருள் பலர் இன்று கணவனும் மனைவியுமாக ஒரு வினாவை எழுப்பிக்கொண்டிருக்கின்றனர். இங்கேயே இருந்துவிடுவதா, ஊருக்கே போய்விடுவதா? குடிக்கூலி ஆண்டுதோறும் ஏறுகின்றது. ஊரிலே தந்தைக்கு அகவை எழுபதைத் தாண்டிவிட்டது. மகளுக்குப் பள்ளி மாற்ற வேண்டுமாயின் இந்த ஆண்டே மாற்றவேண்டும். வீடு வாங்கப் பெற்ற கடனோ இன்னும் பன்னிரண்டாண்டு நிற்கின்றது. இவ் வினாவைத் தனி மாந்தரின் வீட்டுக் கணக்கு என்று தள்ளிவிடுவார் உளர். ஆயிரம் வீடுகளில் ஒரே வினா எழுமானால் அது வீட்டுக் கணக்கன்று; நாட்டுக் கணக்கு.

சென்னையை விட்டுப் போக எண்ணுவாரைச் சோம்பரென்றோ கோழையரென்றோ இகழ்வதற்கில்லை. 2015ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரையில் உறங்கியவர் கூரைமேல் விழித்தனர். அவ் வெள்ளம் மாந்தர் செய்த பேரழிவே என 2018இல் நடுவண் தணிக்கையறிக்கை குற்றஞ்சாட்டியது. நான்காண்டு கழியுமுன், 2019இன் கோடையில், அதே நகருக்கு நீர் தரும் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. அவ்வாண்டு சூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு ஒரு தொடர்வண்டி வந்தது. 50 பெட்டிகளில் 25 இலக்கம் இலிட்டர் குடிநீர்! பாலைநிலத்தில் முகாமிட்ட படைக்கு நீர் போவதுபோல் ஒரு மாநிலத் தலைநகருக்கு நீர் போயிற்று. 2023 திசம்பரில் மீண்டும் வெள்ளம். நீரில்லாமை ஓராண்டு, நீரில் மூழ்குதல் ஓராண்டு என்று மாறிமாறி வருவதை விதியென்று சொல்ல முடியாது. ஏரியின்மேல் வீடு கட்டியவனும், கட்ட ஒப்பமிட்டவனும், பட்டணத்தை இந்த அளவுக்குப் பருக்கவிட்டவனும் அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர்கள்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கி.மீ. பரப்பில் 26,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அப் பெருங்கூட்டத்தின் உண்மை நிலை 2020இல் வெளிப்பட்டது. கொரோனாத் தொற்றின் ஊரடங்கில் வருவாய் நின்றதும், இருபதாண்டு வாழ்ந்த நகரில் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் திணறின. சூன் 19 முதல் மீண்டும் முழு ஊரடங்கு என்று அறிவித்தவுடன் செங்கற்பட்டை நோக்கிய சாலையில் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. துன்பம் வந்தபோது மக்கள் ஓடியது தலைநகரை நோக்கியன்று, தலைநகரை விட்டு. தம்மைக் காக்கும் இடம் எதுவென அவர்கள் நெஞ்சம் அறிந்தேயிருந்தது.

இத்தனைக்கும் அத் தலைநகரைத் தமிழர் தேர்ந்தெடுத்தாரல்லர். 1639இல் கிழக்கிந்திய வணிகக் குழுவினர் கப்பலிலிருந்து துணிமூட்டை ஏற்றியிறக்க ஒரு மணற்கரையை வேண்டினர், பெற்றனர், கோட்டை கட்டினர். பேராறு ஒன்றும் இல்லாத அம் மணற்கரையே பின்னர் ஆட்சியிருக்கை ஆயிற்று. பாண்டியர் கொற்கையிலிருந்து மதுரைக்கு மாறினர். இராசேந்திரன் தஞ்சையை விட்டுக் கங்கைகொண்ட சோழபுரம் அமைத்தான். ஆளும் இடத்தை மாற்றுவது தமிழர்க்குப் புதிதன்று. வெள்ளைக்காரன் வைத்த இடத்தைத் தொடக்கூடாது என்பதுதான் புதிது. அண்மையில், சக்கார்த்தா நகர் கடலுள் தாழ்கின்றதென்று கண்ட இந்தோனேசியா, தலைநகரைக் கலிமந்தானுக்கு மாற்ற 2022இல் சட்டமே இயற்றியது. பிரேசில் 1960இலேயே கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டிலும் ஒருமுறை அவ் வெண்ணம் எழுந்தது. 1983இல் முதலமைச்சராயிருந்த ம.கோ. இராமச்சந்திரன் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றலாம் என்றார். நடுநாட்டில் இருப்பது, காவிரி நீர் உள்ளது, எல்லா மாவட்டத்தாரும் ஒரே நாளில் வந்து மீளலாம் என்பன சொல்லப்பட்ட கரணியங்கள். எதிர்ப்பு எழுந்தது, செலவு பெரிதென்றனர், எண்ணம் கைவிடப்பட்டது. அதே 1983இல்தான் கிருட்டிணை ஆற்று நீரைச் சென்னைக்குக் கொண்டுவர ஆந்திரத்துடன் உடன்பாடு ஏற்பட்டது என்பது எண்ணத்தக்கது. நகரை நீரிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணமும், நீரை நகருக்கு இழுத்துவரும் எண்ணமும் ஓராண்டிலேயே நின்றன. இரண்டாவது வென்றது. அந் நீர் வந்து சேரப் பதின்மூன்றாண்டு ஆயிற்று. அது வந்த பின்னும் வீராணத்து நீரை 2004இல் குழாய்வழிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதன் பின்னும் தொடர்வண்டியில் நீர் வந்ததை மேலே கண்டோம் அல்லவா!

முழுத் தலைநகரும் மாறாவிடினும், ஒரு சிறு பகுதி மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்கண்ட சான்று ஒன்று உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை வழக்குமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. அங்குத் தோற்றவன் மேல்முறையீட்டுக்குச் சென்னைக்கே போகவேண்டும் என்பதுதான் நெடுங்கால நிலை. ஓர் ஏக்கர் நிலத்து வழக்குக்கு இரண்டு இரவுப் பயணம், சென்னையில் தங்குசெலவு, அங்குள்ள வழக்கறிஞர்க்குக் கூலி, வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் மீண்டும் அதே செலவு. நிலத்தின் விலையை வழக்கே தின்றுவிடும். பலர் முறையீடு செய்யாமலேயே தோல்வியை ஏற்றனர். 2004 சூலை 24ஆம் நாள் மதுரையில் உயர் வழக்குமன்றக் கிளை திறக்கப்பட்டது. திருவில்லிபுத்தூரான் காலையில் பேருந்தேறி, வழக்கைக் கேட்டு, மாலையில் வீட்டில் உணவுண்ண முடிந்தது. தென்மாவட்டத்து இளம் வழக்கறிஞர் பலர்க்குச் சென்னையில் அறையெடுத்துத் தங்கும் தேவை ஒழிந்தது. ஒரு கட்டடம் இடம்பெயர்ந்ததால் எத்தனை ஆயிரம் மாந்தர் இடம்பெயராமல் நின்றனர் என்பதை எந்த அரசும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணியிருந்தால் அடுத்த கட்டடமும் பெயர்ந்திருக்கும்.

இனி, ஊருக்குப் போவாரைக் காத்திருப்பது யாது? பொய்யுரைத்து அழைப்பதில் பயனில்லை.

மேற்கே மலை உண்டு, முகில் உண்டு. அய்யனார் கோயில் அருவியும் செண்பகத்தோப்பும் உண்டு. பஞ்சவர்ணமும் சப்பட்டையும் காய்க்கும் மாந்தோப்புகள் உண்டு. அம் மலைக்காட்டைச் சாம்பல்நிற அணிலுக்கெனக் காத்தது 1988இல். 2021இல் அது மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆயிற்று. இவையெல்லாம் உண்மை. ஆனால் சென்னையில் பதினைந்தாவது ஆண்டாக நெரிசலில் நிற்பவனின் மனக்கண்ணில் இவை மட்டுமே தோன்றுகின்றன என்பதும் உண்மை. தான் விட்டுப்போன ஊர், தான் விட்ட நாளிலேயே நின்றுகொண்டிருக்கும் என்று அவன் எண்ணுகின்றான். இராசபாளையம் 2011லேயே 1,30,000 மக்களைத் தாண்டிய நகர். மலையடியில் இருந்தும், ஆறாவது மைல் நீர்த்தேக்கம் என்று மக்கள் வழங்கும் தேக்கத்து நீர் அதற்குப் போதாமல், தாமிரபரணியிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டம் வேண்டியிருந்தது. அதற்கும் கழிவுநீர்க் குழாய்க்குமாகச் சாலைகளைத் தோண்டிப் போட்ட காலத்தில் அங்கு மிதிவண்டி ஓட்டியவரைக் கேட்டால் தூய காற்றைப் பற்றி வேறு செய்தி சொல்வர். மலையடித் தோப்புகளில் யானை புகுந்து மரம் முறிப்பதும், உழவர் இழப்பீட்டுக்கு அலைவதும் ஓயாத செய்தி. இந் நிலையில் சென்னைப் பணத்தில் மலையோரம் பண்ணைவீடு கட்டி முள்வேலி போட வருவோர், ஊருக்குத் திரும்பியவர் ஆகார்; அவர்கள் சென்னையைச் சுமந்துகொண்டு வந்தவர்கள்.

மருத்துவமும் எண்ணத்தக்கது. நள்ளிரவில் நெஞ்சாங்குலை நோய் கண்டவரை இராசபாளையத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 85 கி.மீ. கொண்டுபோகும் நிலை நெடுங்காலம் இருந்தது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில்தான் திறந்தது. மதுரைக்கு அருகே தோப்பூரில் நடுவணரசு 2019இல் அடிக்கல் நாட்டிய பெருமருத்துவமனை ஐந்தாண்டளவும் கல்லாகவே கிடந்தது. அதன் மாணவர் இராமநாதபுரத்தில் பயின்றனர்.

இவற்றினும் கடுமையான தடை ஒன்று உண்டு. ஊரின் பெருமை பேசுவோர் அதைப் பேச விரும்புவதில்லை. சென்னைக்கு வண்டியேறியவர் எல்லாரும் கூலிக்காக மட்டும் ஏறவில்லை. தெருப்பெயர் கேட்டுச் சாதி கணிக்கும் கண்களிலிருந்து தப்பவும் ஏறினர். சிற்றூரைக் குறுகிய மனத்தின் இருப்பிடம் என்று 1948இல் அரசியல் நிருணய அவையில் அம்பேத்கர் சாடியபோது, அதை ஊர் மேல் கொண்ட வெறுப்பு என்றனர். அதனுள் வாழ்ந்து பார்த்தவர்க்கு அது வெறும் செய்தி. 1995இல் கொடியங்குளத்தில் காவலர் நடத்திய கொடுமையையும், அதனையொட்டிய ஆண்டுகளில் தென்மாவட்டங்களில் மூண்ட சாதிக் கலவரங்களையும் கண்ட இளைஞன் ஒருவன், மலைக்காற்று நன்றாயிருக்கின்றது, திரும்பி வா என்னும் அழைப்பை எவ்வாறு கேட்பான்? சென்னையிலும் வீடு கேட்டுப் போனால், புலால் உண்பவரா என்று சுற்றிவளைத்துச் சாதி கேட்கின்றார்கள் என்பது உண்மையே. எனினும் அங்கே அவன் அடுத்த தெருவில் வீடு தேடலாம். ஊரில் அடுத்த தெரு என்பது அடுத்த சாதி. அத் தெருக்கோட்டை அழிக்காமல் தமிழரை ஊருக்கு அழைப்பவர், தமிழருள் சிலரை மட்டுமே அழைக்கின்றார்.

வேலை இல்லை என்பது ஓரளவே மெய். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி இராசா இராசபாளையத்தில் நூற்பாலை நிறுவியபோது, சென்னையில் நிறுவினால் நலம் என்று அறிவுரை கூற ஆளில்லாமலா போயிருக்கும்? அக் குழுமம் பின்னர்ச் சிமிட்டி முதலிய பல தொழில்களில் விரிந்தது. இன்றும் அதன் சிமிட்டி நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இராசபாளையத்திலேயே உள்ளது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிகள் புண்ணுக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்கின்றன. நாட்டின் மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அது போகின்றது. நூல் விலை ஏறும்போதெல்லாம் அத் தறிகள் நிற்கின்றன. நெய்பவன் புண்ணுக்குக் கட்டுப்போட ஒருவருமில்லை. கணினித் தொழிலுக்குப் பெருநகர் வேண்டும் என்றனர். சோகோ நிறுவனம் 2011 முதல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகின்றது. திருவில்லிபுத்தூரை அடுத்த கிருட்டிணன்கோயிலில் 1984 முதல் பொறியியல் கற்பிக்கப்படுகின்றது. நாற்பதாண்டாக அங்குக் கற்றவருள் பெரும்பாலார் பட்டம் பெற்ற கையோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறினர். கற்பிக்கும் இடம் மலையடியில் இருக்கலாம், கற்றவனுக்கு மேசை மட்டும் கடற்கரையில்தான் இருக்கவேண்டும் என்பது எந்நூல் விதித்த நெறி?

அதிகாரத்துக்குத் தலைநகர் இன்றியமையாதது என்பாரும் உளர். இம் மாவட்டத்து வரலாறே அதற்கு விடை கூறும். இராசபாளையத்துப் பூ.ச. குமாரசாமி இராசா 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராயிருந்தார். பின்னர் ஒரிசாவின் ஆளுநரும் ஆனார். அவர் தம் வீட்டைக் கொடுத்துக் காந்தி கலை மன்றம் அமைத்தது சென்னையிலன்று, இராசபாளையத்தில். இன்னும் பெரிய சான்று சங்கரலிங்கனார். 1956 சூலை 27ஆம் நாள் தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி உண்ணாநோன்பு தொடங்க அவர் கோட்டை வாயிலைத் தேடவில்லை, விருதுநகரிலேயே அமர்ந்தார். அக்தோபர் 13இல் உயிர் நீத்தார். தலைநகர் அப்போது அசையவில்லை. 1969 சனவரி 14இல் அசைந்தது.

அங்ஙனமாயின் விடுவதா, இருப்பதா? புகாரை விட்டு மதுரைக்கு நடந்த கோவலனும் கண்ணகியும் ஊர் மாறினால் வாழ்வு மாறும் என்று நம்பினர். மாறியது எவ்வாறு என்பதைத் தமிழ்ப்பிள்ளைகள் அறிவர். களைப்பால் மட்டும் ஊர் திரும்புகின்றவன் மூன்றாண்டில் களைத்து மீண்டும் வண்டியேறுகின்றான். கையில் ஒரு தொழிலும், அத் தொழிலில் ஊரார் இருவர்க்கேனும் வேலை தரும் எண்ணமும் கொண்டவர் தயங்காமல் போகலாம்; இருபது ஆண்டு பட்டணத்தில் பெற்ற திறனை அங்கேயே புதைப்பதைவிட அது மேல். ஆசிரியர், மருத்துவர், செவிலியர், கணக்கர் ஆகியோர்க்கு ஊரின் தேவை பட்டணத்தின் தேவையினும் மிகுதி. ஊர்த்தெரு தம்மை எவ்வாறு நடத்தும் என்று அஞ்சும் நிலையில் உள்ளவர் சென்னையிலேயே இருந்துகொள்வதில் ஒரு குறையுமில்லை, குறை ஊருடையது. பிள்ளையின் நோய்க்குப் பெருமருத்துவமனை வேண்டுவோரும் அவ்வாறே. இவர்களை ஊர்ப்பற்று இல்லாதவர் என்று பேசும் வாய்கள், ஊரில் ஒரு நல்ல மருத்துவமனை கேட்டு ஒருநாள் கூடத் திறந்திருக்கமாட்டா.

அரசு செய்யவேண்டுவது தனி. நிலம், காடு, கைத்தறி, கால்நடை முதலிய துறைகளின் தலைமை அலுவலகங்கள் கடற்கரை நகரிலேயே அடைந்து கிடக்கவேண்டிய கட்டாயம் யாதுமில்லை. புலிகள் காப்பகம் மலையில் இருக்க, அதன் கோப்பு கடற்காற்றில் உப்புப் பூக்கின்றது. தறி சத்திரப்பட்டியில் ஓட, தறிக்குரிய ஆணை ஐந்நூறு கி.மீ. அப்பால் ஒப்பம் பெறுகின்றது. துறைக்கு ஒன்றாக மதுரைக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் நெல்லைக்கும் அவற்றைப் பெயர்த்தால், ஒரு தலைநகர் மாற்றத்தின் செலவில் பத்திலொன்றும் ஆகாது. மதுரைக் கிளை அதற்கு வழிகாட்டி நிற்கின்றது.

திரும்பிச் செல்பவர்க்கும் ஒரு வேலை காத்திருக்கின்றது. 2016 அக்தோபர் முதல் 2022 தொடக்கம் வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை, அலுவலரே ஆண்டனர். இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் ஐந்தாண்டுக்கு மேல் அவ்வாறு கிடந்தபோது, அவ்வூர்ப் படிப்பாளிகளுள் பெரும்பகுதியினர் சென்னையில் இருந்தனர்; கேட்க ஆளில்லை. ஊரில் மனை வாங்க வருகின்றவர் பெரும்பாலும் கேட்பது சதுர அடியின் விலை. அம் மனைக்குப் பின்புறம் கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால் எங்கே போகின்றது, அதன்மேல்தான் அம் மனை நிற்கின்றதா, அவ் வட்டத்து மன்ற உறுப்பினர் யார், கூட்டம் எந்நாள் என்பவற்றை முன்பணம் கொடுக்குமுன் கேட்டறிதல் வேண்டும். சென்னையில் அவற்றைக் கேளாமல் வாங்கியவர்தாம் 2015இல் கூரைமேல் ஏறி நின்றனர்.